டூட்டி சார்ட்டில் எழுதப்படும் நலம்

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். 40 பேரைக் காலை 8 மணியிலிருந்து மறுநாள் நண்பகல்வரை, மொத்தம் 28 மணி நேரம், உறங்காமல் இருக்கச் செய்தார்கள். வேறொரு நாளில் அதே ஆட்களுக்கு அரை மணிக்கு ஒருமுறை அளந்து மது கொடுத்தார்கள். இரத்தத்தில் ஆல்கஹால் 0.10 சதவீதத்தைத் தொடும்வரை கொடுத்தார்கள். கண்ணும் கையும் ஒத்துழைத்தால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு கணினிப் பயிற்சியை இரண்டு நாள்களிலும் திரும்பத் திரும்பச் செய்யவைத்து அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருந்தபோது ஏற்பட்ட தடுமாற்றத்தின் அளவுக்கு வந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்கு நிகரானது.

நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். சதவீதத்தில் சொன்னால் 0.03. அதைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆனால், காலை 8 மணிக்குக் கேஷுவாலிட்டிக்குள் நுழைந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர், இரவு முழுக்க விபத்துக் கேஸ்களையும் நெஞ்சுவலிக் கேஸ்களையும் பார்த்துவிட்டு மறுநாள் காலை ரவுண்ட்ஸிலும் நிற்கிறார். அந்த நிலையில்தான் குழந்தைக்கு மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார், ஐவி லைன் போடுகிறார். தெருவில் குற்றமாகும் அளவுக்குத் தளர்ந்துபோன மூளை, வார்டுக்குள் அர்ப்பணிப்பு என்று பாராட்டப்படுகிறது.

மருத்துவமனை ஊழியர்களின் நலம் என்றதும் யோகா வகுப்பும், மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றிய கருத்தரங்கும், செவிலியர் நாளன்று வெட்டப்படும் கேக்கும் நினைவுக்கு வருகின்றன. இவற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கடந்த 50 ஆண்டுகளில் வெவ்வேறு துறையினர் தனித்தனியே செய்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவை கைகாட்டும் இடம் வேறு. எத்தனை மணி நேர வேலை, எத்தனை நோயாளிக்கு ஓர் ஆள், இரவுக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு, ஒருவர் விடுப்பெடுத்தால் அவர் இடத்தில் யார் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் டூட்டி சார்ட்டில்தான் அந்த நலம் பெரும்பாலும் முடிவாகிறது. நோயாளியின் உயிரும் அதே தாளில்தான் முடிவாகிறது.

பின்னிரவின் உயிரியல்

நம் உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று 1982இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். முதலாவது உறக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது; அது சேரச் சேர உறக்கம் கண்ணைக் கட்டுகிறது. காபியில் உள்ள கஃபீன், அடினோசின் வந்து பொருந்த வேண்டிய இடங்களைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, அது இருப்பது மூளைக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். கஃபீன் விலகியதும் களைப்பு மொத்தமாக வந்து விழுவது இதனால்தான்.

இரண்டாவது உடற்கடிகாரம். கண்ணிலிருந்து வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, பல ஆயிரம் நரம்புச் செல்கள் கொண்ட இரண்டு சிறு கொத்துகள் உள்ளன. ஒளியை வைத்து நேரம் கணித்து உடல் வெப்பம், ஹார்மோன்கள், விழிப்பு ஆகியவற்றை ஏற்றி இறக்குவது இவைதான். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்தக் கடிகாரத்தின்படி அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே உடல் வெப்பம் அடிமட்டத்தைத் தொடுகிறது. விழிப்பும் கூடவே இறங்குகிறது. நைட் டூட்டியில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் இரண்டு விசைகளும் ஒன்றுசேர்ந்து அழுத்துகின்றன. அவருடைய மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

காலையில் வீடு திரும்பியவரை இதே கடிகாரம் உறங்க விடுவதில்லை. வெளிச்சம் ஏறியதும் அது விழிப்பை மேலே தள்ளுகிறது. அதனால் பகல் உறக்கம் குறுகியதாகவும் அடிக்கடி கலைவதாகவும் இருக்கிறது. நம் ஊர்ச் செவிலியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நைட் டூட்டி முடித்துப் பேருந்தில் வந்து இறங்குபவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து முடித்துப் படுக்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். இப்படி உடற்கடிகாரம் ஆண்டுக்கணக்கில் குலைவது சாதாரண விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவுப் பணியை 'மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது.

"எனக்குப் பழகிவிட்டது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்போம். அதையும் சோதித்திருக்கிறார்கள். 2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிங்கஸும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சிலரை 14 நாள்கள் இரவுக்கு 6 மணி நேரமோ அதைவிடக் குறைவாகவோ மட்டும் உறங்கவிட்டார்கள். நாளுக்கு நாள் அவர்களின் கவனம் சரிந்தது. கடைசியில் இரண்டு இரவுகள் கண்ணே மூடாதவரின் நிலைவரை சென்றது. ஆனால் உறக்கம் வருகிறதா என்று கேட்டபோது, சில நாள்களுக்குப் பின் அவர்கள் சொன்ன அளவு பெரிதாகக் கூடவில்லை. திறமை சரிந்துகொண்டே இருந்தது. சரிகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுபோனது. ஆகவே களைத்த மருத்துவரிடமோ செவிலியரிடமோ "உங்களால் முடியுமா?" என்று கேட்டு முடிவெடுப்பது பாதுகாப்பான முறை ஆகாது. அவர் மனமறிந்து பொய் சொல்லப்போவதில்லை. தன் களைப்பை அளக்கும் கருவியே அவரிடம் பழுதாகியிருக்கிறது.

நேரத்தைக் குறைத்தால் போதுமா?

1984 மார்ச் மாதம் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். ஒருவர் பொறுப்பில் பல நோயாளிகள். லிபி ஏற்கெனவே உட்கொண்டிருந்த மருந்தோடு ஒத்துப்போகாத வேறொரு மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது. பத்திரிகையாளரான அவருடைய தந்தை சிட்னி சையன் இதை விடவில்லை. பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 80 மணி நேரத்தையும் ஒரே தொடர்ச்சியில் 24 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1989இல் விதி செய்தது. 2003இல் 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுமைக்கும் வந்தது.

விதிக்குப் பின்னால் சான்றுகளும் சேர்ந்தன. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் குழுவினர் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பழைய முறைப்படி 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணியாற்றிய பயிற்சி மருத்துவர்கள், குறுகிய டூட்டியில் இருந்தபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகளைச் செய்தார்கள். ஆபத்து நோயாளியோடு நிற்கவில்லை. நீண்ட டூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிச் செல்லும்போது பயிற்சி மருத்துவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் கூடியதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தம் கையிலேயே ஊசி குத்திக்கொள்ளும் விபத்துகளும் அப்போது கூடுகின்றன. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. தொற்றுகள் மருத்துவப் பணியாளருக்கு வரும் முக்கிய வழி அதுதான்.

அப்படியானால் மணி நேரத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் அறிவியல் நமக்கு ஒரு முக்கியமான பாடம் சொல்கிறது. அதே லாண்ட்ரிகன் 2020இல் இன்னும் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். குழந்தைகளுக்கான ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணி நேர டூட்டியை நீக்கிப் பார்த்தார்கள். பிழைகள் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாகக் கூடின. காரணத்தைத் தேடியபோது விடை எண்களில் கிடைத்தது. நேரத்தைக் குறைத்தார்கள், ஆனால் அதற்கு ஈடாகப் போதிய ஆட்களைச் சேர்க்கவில்லை. ஒரு மருத்துவரின் பொறுப்பில் இருந்த நோயாளிகள் சராசரியாக 6.7இலிருந்து 8.8ஆக உயர்ந்துவிட்டார்கள். இந்தச் சுமை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் பிழைகள் கூடியதாகத் தெரிந்தது மறைந்துபோனது.

உறக்கமும் ஆள்பலமும் தனித்தனிப் பிரச்சினைகள் ஆக மாட்டா. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்தால் கணக்கு நேராகாது. இந்தியாவில் காகிதத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியான பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொன்னது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்துத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், நாளுக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கம் வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. 32 ஆண்டுகள் கழித்தும் இன்னொரு வரம்பைப் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. முதல் விதியை நிறைவேற்றத் தேவையான ஆட்கள் எங்கும் சேர்க்கப்படவில்லை என்பதையே இது காட்டுகிறது.

ஒரு செவிலியர், எத்தனை நோயாளி?

ஆள்பலத்தின் விலையை உயிர்களில் கணக்கிட்டுக் காட்டியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்கன். அவரும் ஒரு செவிலியரே. 2002இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வு 168 மருத்துவமனைகளையும், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியர்களையும், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கியது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், 30 நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அதே ஒரு நோயாளியால் செவிலியர் மனம் வற்றிப் பணியில் கருகிப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. 4 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருந்த இடத்தோடு 8 பேருக்கு ஒருவர் இருந்த இடத்தை ஒப்பிட்டால் இறப்பு வாய்ப்பு 31 சதவீதம் அதிகம். 2014இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் செய்த ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்தது.

ஒரு நோயாளி கூடினால் உயிர் ஏன் போக வேண்டும்? செவிலியரின் வேலை மருந்து கொடுப்பதோடு முடிவதில்லை. நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதுதான் அதன் மையம். அறுவை சிகிச்சை முடிந்தவரின் மூச்சு சற்று வேகமாகியிருக்கிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது, பேச்சு லேசாகக் குழறுகிறது என்பன போன்ற முன்னறிகுறிகளை முதலில் பார்ப்பவர் அவரே. கிருமி இரத்தத்தில் பரவுவதற்கும் இதயம் நிற்பதற்கும் சில மணி நேரம் முன்பே இவை தெரியத் தொடங்கும். கை நிறைய வேலை இருக்கும்போது முதலில் விடுபடுவது இந்தக் கவனிப்புதான். படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மருந்தைப் பற்றி விளக்குவது, பயந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஊசியும் டிரிப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டில் ஓர் இரவு தங்கி உறவினரைப் பார்த்துக்கொண்ட எவரும் இதைக் கண்டிருப்பார்கள். கட்டில்கள் போதாமல் தரையிலும் பாய் விரித்த வார்டில் ஒரே சிஸ்டர் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருப்பார். டிரிப் பாட்டில் தீர்ந்துவிட்டது என்று ஓடிச் சென்று சொல்வது அட்டெண்டராகத் தங்கியிருக்கும் உறவினரின் வேலையாகிவிடும்.

கூடுதல் ஆட்களுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் செவிலியர் விகிதத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் 4 நோயாளிக்கு ஒருவர், இரவில் 7 நோயாளிக்கு ஒருவர் என்ற சராசரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த பொது மருத்துவமனைகளில் அமல்படுத்தியது. விளைவுகளை ஆராய்ந்த கட்டுரை 2021இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் இருந்த நோயாளிகள் குறையக் குறைய இறக்கும் வாய்ப்பு குறைந்தது, நோயாளிகள் மீண்டும் வந்து சேர்வதும் தங்கும் நாள்களும் குறைந்தன. இப்படி மிச்சமான செலவு, கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

சோர்வு எங்கே பிறக்கிறது?

பணியில் கருகிப்போவதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் நியூயார்க்கின் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் மாலை நேரங்களில் தன்னார்வமாகப் பணியாற்றிய அவர், மற்றவர்களைவிட அதிக ஈடுபாட்டோடு வந்தவர்களே ஓராண்டுக்குள் வற்றிப்போவதைப் பார்த்து 1974இல் அதைக் கட்டுரையாக்கினார். இன்று 'பர்ன் அவுட்' என்று பரவலாகச் சொல்லப்படும் நிலை அதுதான். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதை அளக்க 22 வாக்கியங்கள் கொண்ட வினாநிரலை உருவாக்கினார்கள். அது மூன்று கூறுகளை அளக்கிறது. மனம் வற்றிப்போவது முதலாவது. நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல், "பெட் நம்பர் 14" என்று விலகிப்போவது இரண்டாவது. என்ன செய்தும் பயனில்லை என்று தன் வேலையிலேயே நம்பிக்கை இழப்பது மூன்றாவது.

இரண்டாவது கூறு நமக்கு முக்கியம். அரசு மருத்துவமனையில் எரிந்து விழும் ஊழியரைப் பற்றி நம்மில் பலருக்குக் கசப்பான அனுபவம் உண்டு. அதை அவருடைய குணக்கேடு என்றே எடுத்துக்கொள்கிறோம். சிலரிடம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வற்றிய மனம் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் தற்காப்பும் அப்படித்தான் வெளிப்படுகிறது என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஓர் இரவில் நாற்பது பேரின் வலியை முழுதாக உள்வாங்கிக்கொண்டு நடமாட எந்த மனிதராலும் முடியாது.

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பின்னர் இதன் வேர்களை ஆறாக வகுத்தார்கள்: வேலைச் சுமை, தன் வேலையில் தனக்குள்ள அதிகாரம், கிடைக்கும் ஊதியமும் மதிப்பும், சக ஊழியர்களோடு உள்ள உறவு, நியாயம், மனசாட்சிக்கு ஒத்த வேலையா என்பது. ஆறில் ஒன்றுகூட ஊழியரின் சொந்தக் குணத்தைச் சுட்டவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற தன் நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட்டை நோயாகச் சேர்க்காமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்திலிருந்து வரும் பணிசார் நிலை என்றே விவரித்தது.

நியாயம், ஊதியம் என்ற இரண்டுக்கும் உதாரணம் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் போட்டித் தேர்வு எழுதி ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியரின் சம்பளம் அதைப் போலப் பல மடங்கு. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்தது இந்த வேறுபாட்டுக்கு எதிராகத்தான். கழிவறை கழுவும், இரத்தம் தோய்ந்த துணியை அள்ளும், ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் கீழே. பணியாளர் நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் நின்றுவிடுகிறது. ஆனால் தொற்றுக் கிருமியை முதலில் தொடுபவர்கள் இந்த ஒப்பந்தத் தொழிலாளர்களே.

வேர்கள் வேலையில் இருக்க, சிகிச்சை மட்டும் ஊழியருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். எல்லாத் துறையினரும் அதில் இருந்தார்கள். மனவுறுதிப் பயிற்சி, தியானச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் நலம், கலந்துகொள்ளாதவர்களின் நலத்தைவிடக் கூடியதாகத் தெரியவில்லை. மருத்துவர்களுக்கென்று செய்யப்பட்ட 19 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தனிநபருக்குத் தரும் பயிற்சிகளைவிடப் பணிநேரம், பணிமுறை ஆகியவற்றில் நிறுவனம் செய்யும் மாற்றங்களுக்கு விளைவு அதிகம் என்று கண்டது. மனமுடைந்து நிற்பவருக்கு ஆலோசகரின் உதவி கட்டாயம் வேண்டும். அதைக் கேட்டுப் போவதால் வேலைக்குக் கேடு வராது என்ற உறுதியும் வேண்டும். ஆனால் உடைக்கிற சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ஆலோசகரால் எத்தனை பேரைத் தூக்கி நிறுத்த முடியும்?

வேலையைத் திருத்துவது

டூட்டி சார்ட்டைத் திருத்தச் சில வழிகள் எளியவை. உடற்கடிகாரம் முன்கூட்டியே நகர்வதைவிடத் தாமதமாகத் தள்ளிப்போவதை எளிதாக ஏற்கிறது. சீக்கிரம் தூங்கப்போவதைவிடத் தாமதமாகத் தூங்கப்போவது நமக்குச் சுலபம். ஆகவே ஷிஃப்ட் மாறும்போது காலை, பிற்பகல், இரவு என்ற வரிசையில் மாற வேண்டும். சார்லஸ் சைஸ்லர் குழுவினர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனிம ஆலை ஒன்றில் இந்த வரிசையைக் கொண்டுவந்து, ஒரு ஷிஃப்டில் நீடிக்கும் நாள்களையும் கூட்டிப் பார்த்தார்கள். தொழிலாளர்களின் மனநிறைவும் உடல்நலமும் கூடின, உற்பத்தியும் கூடியது என்று 1982லேயே எழுதினார்கள். நைட் டூட்டியின் நடுவே 20 முதல் 30 நிமிடக் குட்டித் தூக்கம் பின்னிரவின் கவனத்தைத் தூக்கிப்பிடிக்கிறது. அதற்கு ஒரு கட்டிலும், கதவில் தாழ்ப்பாளும், அந்த அரை மணிக்கு வார்டைப் பார்க்க இன்னோர் ஆளும் வேண்டும்.

அந்த இன்னோர் ஆள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இந்திய செவிலியர் மன்றத்தின் நெறிமுறை, தேவையான எண்ணிக்கைக்கு மேல் 30 சதவீதத்தை விடுப்புக்கான இருப்பாக வைக்கச் சொல்கிறது. செவிலியருக்கும் காய்ச்சல் வரும், குழந்தை பிறக்கும், வீட்டில் சாவு விழும் என்பதை ஒப்புக்கொள்ளும் எண் அது. அந்த இருப்பு காலியாக இருக்கும் மருத்துவமனையில் ஒருவர் லீவு கேட்டால் இன்னொருவருக்கு டபுள் டூட்டி விழுகிறது. லீவு கேட்டவர் குற்றவாளியாகிறார். தோழமை என்ற ஒரே ஆறுதலும் அறுந்துபோகிறது.

ஆட்களைக் கூட்டாமலும் சில சுமைகளை இறக்கலாம். ஹவாயில் உள்ள மருத்துவமனைக் குழுமம் ஒன்று 2017இல் தன் ஊழியர்களிடம், கணினியில் நீங்கள் பதிவு செய்பவற்றில் அர்த்தமற்றவை எவை என்று கேட்டது. மணிக்கு ஒருமுறை நோயாளியைப் பார்த்ததாகச் செவிலியர் அழுத்த வேண்டிய ஒரு குறியீடு அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு முறைக்கும் 24 விநாடி. நான்கு மருத்துவமனைகளிலும் கூட்டிப் பார்த்தால் மாதத்துக்குச் சுமார் 1,700 மணி நேரம்! பெரும்பாலான வார்டுகளில் அதை நீக்கினார்கள். நம் வார்டுகளிலும் ஒரே விவரத்தை மூன்று ரெஜிஸ்டரில் எழுதுவது, எழுதியதையே கணினியில் ஏற்றுவது என்று நோயாளியிடமிருந்து பறிபோகும் நேரம் எவ்வளவு என்பதை ஊழியர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். கேட்பதற்குச் செலவில்லை. கேட்கப்பட்டவருக்குத் தன் வேலையில் தனக்கும் பங்குண்டு என்ற உணர்வு வருகிறது. ஆறு வேர்களில் ஒன்றான அதிகாரம் என்பது இதுதான்.

பூட்டுள்ள கதவும் பயமில்லாத பேச்சும்

1973 நவம்பரில் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் அடித்தளத்தில், டூட்டி முடித்து உடை மாற்றிக்கொண்டிருந்த செவிலியர் அருணா ஷான்பாக் தாக்கப்பட்டார். நினைவு திரும்பாத அவரை அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக, 2015இல் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள் பராமரித்தார்கள். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் நீண்ட டூட்டியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவின் முன் வைக்கப்பட்ட பொருள்களில் பாதுகாப்பான ஓய்வறையும் ஒன்று. ஒரு பெண் உடை மாற்றவும் கண்ணயரவும் பூட்டுள்ள ஓர் அறை வேண்டும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிடத் தலைகுனிவு வேறில்லை.

நோயாளியின் உறவினர்கள் தாக்குவது இன்னொரு பயம். மருத்துவமனை வன்முறைக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2008லேயே வந்துவிட்டது. இருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் பணியில் இருந்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். தண்டனை அவசியம். அதோடு, நோயாளி என்ன நிலையில் இருக்கிறார் என்று உறவினரிடம் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆளும் பத்து நிமிடமும் இருந்தால் பல சண்டைகள் மூளும் முன்பே தணியும். அந்தப் பத்து நிமிடமும் டூட்டி சார்ட்டிலிருந்துதான் வர வேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் அதைச் சொல்ல முடிகிறதா என்பதும் நலத்தின் அளவுகோலே. ஹார்வர்டின் ஏமி எட்மன்சன் 1990களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகம் இருந்தன. அங்கே சொல்லப் பயமில்லை. அதனால் வெளியே வந்தன, திருத்தவும் பட்டன. மற்ற இடங்களில் மூடி மறைக்கப்பட்டன. பிழையால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளியும் அவர் குடும்பமும்தான். ஆனால் அதைச் செய்தவரும் குற்றவுணர்வில் நொறுங்கி இரண்டாவதாகப் பாதிக்கப்படுகிறார் என்று ஆல்பர்ட் வூ 2000இல் எழுதினார். அவரைத் தனியே விடாமல் மூத்தவர் ஒருவர் அன்றே அருகில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்வதும், மெமோ கொடுக்கும் முன் அந்த நேரத்தில் வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்ப்பதும் அடுத்த நோயாளியைக் காக்கும்.

வார்டு வாசலில் ஒரு பலகை

இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் ஆள்குறைப்பின் விளைவாக நோயாளிகள் பட்ட துன்பங்களை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸின் அறிக்கை 2013இல் வெளியானது. அடுத்த ஆண்டு முதல் அந்நாட்டு மருத்துவமனைகள் ஒவ்வொரு வார்டிலும், இந்த ஷிஃப்டுக்குத் திட்டமிட்ட செவிலியர் எத்தனை, உண்மையில் வந்திருப்பவர் எத்தனை என்று எழுதிவைக்கத் தொடங்கின. அந்தப் பலகையால் ஆட்கள் உடனே கூடிவிடவில்லை. ஆனால் அதுவரை அலுவலகக் கோப்புக்குள் இருந்த பற்றாக்குறை நோயாளியின் கண்ணில் பட்டது.

தமிழ்நாட்டின் ஒவ்வொரு வார்டு வாசலிலும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், அப்படி ஒரு பலகை வேண்டும். இன்று எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், டூட்டி டாக்டர் எத்தனை மணிக்குப் பணிக்கு வந்தார் என்ற மூன்றே வரி போதும். விலைமதிப்பில்லாத சேவை என்று கொரோனா காலத்தில் பால்கனியில் நின்று கைதட்டினோம். அந்தச் சேவையைச் செய்பவர் மனிதர் என்பதை இந்த மூன்று வரிகள் நினைவூட்டும். எண்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கேள்வியும் சரியான ஆளிடம் போகும். டிரிப் பாட்டில் ஏன் தீர்ந்தது என்று களைத்த சிஸ்டரிடம் கத்துவதற்குப் பதிலாக, இந்த வார்டுக்கு ஏன் ஒரே ஒரு சிஸ்டர் என்று டீனிடமும், மருத்துவமனை நிர்வாகத்திடமும், நிதி ஒதுக்கும் அரசிடமும் கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நோயாளிகளும் அட்டெண்டர்களும் வாக்காளர்களுமான நாம்தான்.